இன்க்ளூட் பாதை

இன்க்ளூட் பாதை என்பது, சி, சி++ நிரல்களில் சேர்க்கப்படும் தலைப்புக் கோப்புகளைக் கம்பைலர் எந்தெந்த அடைவுகளில் தேட வேண்டும் எனக் கூறும் பட்டியல் ஆகும். நிரல் சரியாக இருந்தாலும், இப்பட்டியலில் உரிய அடைவு இல்லையெனில் கோப்பு கிடைக்கவில்லை என்னும் பிழைச்செய்தி தோன்றும். புதிதாகக் கற்போர் சிலர் இதைத் தம் நிரலின் பிழையாகக் கருதி, சரியான வரிகளைத் திருத்திக் கெடுத்துவிடுவதுண்டு. இக்கட்டுரையில் கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் இட வேண்டும்.

தேடும் வரிசை

ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்கள் பொதுவாகப் பின்வரும் வரிசையில் தேடுகின்றன.

1. கோப்பின் பெயர் இரட்டை மேற்கோள் குறிக்குள் இருந்தால், அந்த வரி இடம்பெற்றுள்ள கோப்பின் அடைவு. கோண அடைப்புக்குறிக்குள் இருந்தால் இப்படி நிலை இல்லை.
2. கட்டளையில் சிறுகோடும் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஐ’யும் இட்டுத் தரப்பட்ட அடைவுகள், இடமிருந்து வலமாக.
3. ‘சிபாத்’ என்னும் சூழல் மாறியில் உள்ள அடைவுகள்.
4. முறைமை அடைவுகள். லினக்சில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட், /யுஎஸ்ஆர்/இன்க்ளூட் ஆகியவை இவற்றுள் அடங்கும்.

முதலில் அகப்படும் கோப்பே எடுத்துக்கொள்ளப்படும். எனவே ஒரு நூலகத்தின் பழைய, புதிய பதிப்புகள் இரண்டும் கணினியில் இருந்தால், எது பயன்படும் என்பதை இவ்வரிசையே முடிவு செய்கிறது. இரண்டாம் நிலையில் தரும் அடைவை முழுமையாக எழுதாமல் சுருக்கி எழுதினால், கட்டளை இயக்கப்படும் இடத்திலிருந்தே அது கணக்கிடப்படும். நிரல் கோப்பு உள்ள இடத்திலிருந்து அன்று. நிரலை மொழிமாற்றும் கட்டளையில் சிறுகோட்டுடன் சிறிய எழுத்து ‘வி’ சேர்த்தால், தேடப்படும் அடைவுகள் திரையில் வரிசையாகக் காட்டப்படும்.

விண்டோசில் மைக்ரோசாப்ட் கம்பைலர் ‘இன்க்ளூட்’ என்னும் சூழல் மாறியைப் பார்க்கிறது. விஷுவல் ஸ்டுடியோவுடன் வரும் உருவாக்குநர் கட்டளைச் சாளரம் இம்மாறியைத் தானே நிரப்பிவிடும். சாதாரணக் கட்டளைச் சாளரத்தில் அது நிரப்பப்படுவதில்லை. ஒரு சாளரத்தில் இயங்கும் கட்டளை மற்றொன்றில் இயங்காததற்கு இது ஒரு காரணம்.

எடிட்டரும் கம்பைலரும்

எடிட்டரில் தோன்றும் சிவப்பு அடிக்கோடு பெரும்பாலும் கம்பைலரின் தீர்ப்பு அன்று. எடிட்டர் தனியாக நிரலை ஆராய்ந்து அதை இடுகிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடில் சி++ நீட்சிக்கென ‘சி_சிபிபி_பிராப்பர்ட்டீஸ்.ஜேசன்’ என்னும் அமைப்புக் கோப்பு உண்டு. அதிலுள்ள பாதையை மாற்றினால் அடிக்கோடு மறையும். ஆனால் கம்பைலருக்கு அது தெரியாது. அதுபோலவே, கட்டளையில் மட்டும் பாதையைச் சேர்த்தால் நிரல் இயங்கும். அடிக்கோடு மறையாமல் இருக்கக்கூடும்.

பாதைகளை ஒரே இடத்தில் வைப்பதே இதற்கு நிலையான தீர்வு. சிமேக் கருவியில் ‘சிமேக்_எக்ஸ்போர்ட்_கம்பைல்_கமாண்ட்ஸ்’ என்னும் தெரிவை இயக்கினால், மேக்ஃபைல் அல்லது நிஞ்சா முறையில் கட்டும்போது, ‘கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன்’ என்னும் கோப்பு உருவாகும். ஒவ்வொரு நிரல் கோப்புக்கும் உரிய முழுக் கட்டளை அதில் இருக்கும். கிளாங்டி போன்ற கருவிகள் அதைப் படித்து எடிட்டருக்கு உதவுகின்றன.

இணைப்புப் பிழை

தலைப்புக் கோப்பு கிடைத்த பின்னரும், வரையறுக்கப்படாத சுட்டு என்னும் பொருளில் பிழை வரலாம். இது லிங்கர் தரும் பிழை. இன்க்ளூட் பாதையை மாற்றுவதால் தீராது. தலைப்புக் கோப்பு பொதுவாகச் செயற்கூறின் அறிவிப்பை மட்டுமே தருகிறது. அதன் உடற்பகுதி நூலகத்தில் உள்ளது. லினக்சில் வர்க்கமூலம் காணும் நிரலுக்கு ‘மேத்.எச்’ கோப்புடன், கட்டளையின் இறுதியில் சிறுகோடும் ‘எல்எம்’ எழுத்துகளும் தேவைப்படுவது இதனால்தான்.