முடி வேறு, பின்னல் வேறா?

2010-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில், காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் ஒரு நிறுவனம் கறுப்பினப் பெண் ஒருவரை வேலைக்குத் தேர்ந்தெடுத்தது. தொலைபேசியில் பேசும் வேலை. வாடிக்கையாளர் யாரும் அவர் முகத்தைக்கூடப் பார்க்கப் போவதில்லை. அவருடைய முடி திரிதிரியாக, 'லாக்ஸ்' என்று அவர்கள் சொல்லும் சடைகளாக இருந்தது. அந்தச் சடைகளோடு வேலைக்குச் சேர முடியாது என்றார் மனிதவள மேலாளர். இத்தகைய முடி நாளடைவில் அலங்கோலமாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அந்தப் பெண்ணின் முடி அப்படி இருக்கிறது என்று அவரே சொல்லவில்லை. சடைகளை வெட்ட அந்தப் பெண் மறுத்தார், வேலை போயிற்று. வழக்கு மேல்முறையீடுவரை சென்றது. 2016-ல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. முடியின் தன்மை பிறப்போடு வருவது, அதற்காக ஒருவரை ஒதுக்கினால் அது இனப்பாகுபாடு. ஆனால் அந்த முடியைப் பின்னுவதும் திரிப்பதும் அவரவர் விருப்பம், மாற்றிக்கொள்ளக்கூடியது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். முடி வேறு, சிகை அலங்காரம் வேறு என்ற இந்தப் பிரிவினை மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் கறுப்பினத்தவரின் முடியைப் பற்றி அறிந்த யாரும் இதை ஏற்க முடியாது.

முடியின் வடிவத்தைத் தீர்மானிப்பது மயிர்க்கால். அது வளைந்திருந்தால் முடியும் வளைந்தே முளைக்கும். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு அது நாம் சுருட்டை முடி என்று சொல்வதைவிட மிக இறுக்கமான சுருள்; பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை நினைத்துக்கொள்ளலாம். தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை நேரான முடியில் நுனிவரை எளிதாக இறங்கிவிடும். இந்தச் சுருளில் வளைவுக்கு வளைவு அது தடைப்படுகிறது. ஆகவே முடி வறண்டிருக்கும், வளைவுதோறும் பலவீனமாக இருக்கும், தினமும் சீப்பைப் போட்டு இழுத்தால் முறிந்துபோகும். இப்படிப்பட்ட முடியை நீளமாக வளர்க்க வேண்டுமானால் அடிக்கடி சீப்புப் படாமலும் ஈரப்பதம் போகாமலும் காக்க வேண்டும். அதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழிகள்தாம் பின்னலும் முறுக்கும் சடையும். தலையோடு ஒட்ட, வயல் வரப்புகளைப்போல வரிசை வரிசையாகப் பின்னும் 'கார்ன்ரோ'வைப் போட்டுவிட்டால் வாரக்கணக்கில் அப்படியே விடலாம். லாக்ஸ் என்பது சுருள்கள் ஒன்றோடொன்று பின்னித் திரண்டு உருவாவது. சீப்பு படாமல் விட்டாலே இந்த முடி அந்தத் திசையில்தான் போகும். அப்படியானால் அலங்காரம் எங்கே தொடங்குகிறது, இயற்கை எங்கே முடிகிறது? முடியின் தன்மையை ஏற்றுக்கொள்கிறேன், அந்தத் தன்மை கேட்கும் பராமரிப்பை ஏற்க மாட்டேன் என்பது, ஒருவர் காலை ஏற்றுக்கொண்டு அதன் அளவுக்குப் பொருந்தும் செருப்பை மறுப்பதைப் போன்றது. இந்தச் சுருளுக்கு ஒரு பயனும் உண்டு. முடி வைத்த பொம்மைத் தலைகளின்மேல் செயற்கை வெயிலைப் பாய்ச்சி அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. வெப்பம் தலையில் இறங்காமல் தடுப்பதில் இறுக்கமான சுருள்முடியே முதலிடம் பெற்றது. கடும் வெயிலில் வாழ்ந்த மனிதரின் மூளைக்கு அது குடை பிடித்திருக்கலாம்.

இந்த முடியைக் கையாள்வது ஆப்பிரிக்காவில் ஒரு பெருங்கலை. நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஜே. டி. ஒகாய் ஒஜெய்கெரெ 1968 முதல் பல ஆண்டுகள் தம் நாட்டுப் பெண்களின் சிகை அலங்காரங்களைப் படமெடுத்துக்கொண்டே இருந்தார். கோபுரம்போல எழுந்தவை, கூடை முடைந்தது போன்றவை, மெல்லிய கம்பிகள்போல நாலாபக்கமும் நீண்டவை என ஏறத்தாழ ஆயிரம் படங்கள். பெரும்பாலும் தலையின் பின்புறத்திலிருந்தே எடுத்தார். முகம் தெரியாது, வேலைப்பாடு மட்டுமே தெரியும். சிற்பங்களைப் பார்க்கும் அதே வியப்போடு அவற்றைப் பார்க்கலாம். இந்த அழகை ஆட்சியாளர்களும் அறிந்தே இருந்தார்கள். 1786-ல், இன்றைய அமெரிக்காவின் லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தபோது, ஆளுநர் எஸ்தெபான் மிரோ ஓர் ஆணை பிறப்பித்தார். அடிமைத்தளையற்ற கறுப்பின, கலப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும். இறகும் நகையும் சூடக் கூடாது. சுதந்திரமாக இருந்தாலும் அவர்கள் யார் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். அந்தப் பெண்களோ வண்ணத் துணிகளை விதவிதமாகக் கட்டி அந்தத் தலைக்கட்டையே அழகாக்கினார்கள்.

தென்னாப்பிரிக்காவில் முடியை வைத்து இனம் பிரிப்பது இன்னும் கொடுமையாக நடந்தது. மக்கள் அனைவரையும் இனவாரியாகப் பதிவுசெய்ய 1950-ல் சட்டம் வந்தபோது, ஐயத்துக்குரியவர்களைச் சோதிக்க அதிகாரிகள் கையாண்ட முறைகளில் ஒன்று 'பென்சில் சோதனை'. தலைமுடியில் ஒரு பென்சிலைச் செருகுவார்கள். அது நழுவி விழுந்தால் வெள்ளையர். சிக்கி நின்றால் வெள்ளையர் அல்லர். எங்கே வசிக்கலாம், எங்கே படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதெல்லாம் இனப்பதிவைப் பொறுத்து அமைந்தன. இந்தச் சட்டம் 1991-ல் நீக்கப்பட்டது. ஆனால் 2016-ல் பிரிட்டோரியாவின் ஒரு பெண்கள் பள்ளியில், இயல்பான முடியோடு வருவதைக் குறை சொல்கிறார்கள் என்று கறுப்பின மாணவிகள் போராட வேண்டியிருந்தது. ஓர் அரசு மனிதரைத் தாழ்த்துவதற்கு முடியை இனத்தின் சான்றாக எடுத்துக்கொண்டிருக்கிறது. கறுப்பினத்தவர் பாதுகாப்புக் கேட்டு வரும்போது மட்டும் சடைக்கும் இனத்துக்கும் தொடர்பில்லை என்று அமெரிக்க நீதிமன்றம் சொல்வது எந்த வகை நியாயம்?

ஒதுக்கலுக்கு அஞ்சி முடியை மாற்றிக்கொள்வதற்கு ஒரு விலை இருக்கிறது. சூடான இரும்புச் சீப்பால் நீவுவது ஒரு வழி. முடியின் உள்கட்டமைப்பையே உடைத்து நேராக்கும் 'ரிலாக்ஸர்' கிரீம் இன்னொன்று. அதன் பழைய வகைகளில் இருப்பது காஸ்டிக் சோடா. தலைத்தோல் எரியும், சில வேளை புண்ணாகும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். நேராக்கும் பொருள்களை ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிடக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 70 வயதுக்குள் வரும் வாய்ப்பு 1.64 சதவீதத்திலிருந்து 4.05 சதவீதமாகிறது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, இதுவே காரணம் என்று நிறுவவில்லை. நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் கறுப்பினப் பெண்கள். வேறொருவர் முடியை வாங்கித் தம் முடியோடு சேர்த்துத் தைத்துக்கொள்வது மூன்றாவது வழி. அந்தச் சந்தை நம் பக்கத்தையும் தொடுகிறது. திருமலையில் பக்தர்கள் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்துக்குப் போய், சிக்கெடுத்துத் தரம் பிரிக்கப்பட்டு ஏற்றுமதியாகிறது. அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக், கறுப்பினத்தவரின் முடியைப் பற்றி 2009-ல் வெளியிட்ட 'குட் ஹேர்' ஆவணப்படத்துக்காக அந்த முடியின் மூலத்தைத் தேடி இந்தியாவுக்கே வந்தார்.

முடியை நேராக்கிக்கொள்வதும் ஒரு பெண்ணின் விருப்பம்தானே, அதை ஏன் அடிமைத்தனம் என்று பார்க்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். சரியான கேள்விதான். நேரான முடியை விரும்பி வைத்துக்கொள்ளும் கறுப்பினப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் மறுத்தால் வேலை போகும் என்னும் இடத்தில் விருப்பத்துக்கு இடம் ஏது? வெள்ளை மாளிகையில் இருந்த காலத்தில் தாம் பின்னல் போட்டுக்கொள்ளாததற்கு, நாடு அதற்குப் பழகியிருக்கவில்லை என்பதே காரணம் என்று 2022-ல் மிஷெல் ஒபாமா சொன்னார். அதிபரின் மனைவிக்கே அந்தத் தயக்கம் இருந்தது என்றால் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். அந்தத் தயக்கம் வெறும் கற்பனையும் அல்ல. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டி கோவலும் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஷ்லி ரோஸட்டும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்கு விண்ணப்பிப்போரைப்போல உருவாக்கப்பட்ட விவரங்களை மதிப்பிடச் சொன்னார்கள். முடி இயல்பாக இருந்த கறுப்பினப் பெண்களுக்கு, முடியை நேராக்கிய கறுப்பினப் பெண்களைவிடத் தகுதியும் தொழில்நேர்த்தியும் குறைவு என்று மதிப்பெண் விழுந்தது. வெள்ளையினப் பெண்களுக்கோ முடி சுருட்டையாக இருந்தும் அந்த இழப்பு இல்லை.

எல்லோருக்கும் ஒரே விதிதானே என்பது இன்னொரு வாதம். 1981-ல் நியூயார்க்கின் மத்திய நீதிமன்றம் ஒன்று இதைத்தான் ஏற்றது. கார்ன்ரோ பின்னலோடு வேலை செய்ய விமான நிறுவனம் ஒன்றின் கறுப்பினப் பெண் ஊழியர் அனுமதி கேட்டார். விதி எல்லா இனத்துக்கும் பொது என்றது நீதிமன்றம். 1979-ல் வந்த '10' என்ற படத்தில் போ டெரெக் என்ற வெள்ளையின நடிகை அந்தப் பின்னலைப் பிரபலமாக்கியதையும் குறிப்பிட்டது. பல தலைமுறைகளாகக் கறுப்பினப் பெண்கள் மகளுக்குப் பின்னிவிட்ட பின்னல், ஒரு திரைப்படத்தால் இனத்தோடு தொடர்பற்றதாகிவிட்டது! விதியின் வாசகம் பொதுவாக இருக்கலாம். அது யார் தலையில் பாரமாக விழுகிறது என்று பார்ப்பதல்லவா நீதி? பாதுகாப்பைக் காட்டி எழும் ஆட்சேபத்துக்கு மட்டும் உண்மையான எடை உண்டு. இயந்திரத்தில் முடி சிக்கக் கூடாது, சமையற்கூடத்தில் வலை அணிய வேண்டும் என்பவை எல்லா முடிக்கும் பொருந்தும் விதிகள். அவற்றை யாரும் எதிர்க்கவில்லை. தலைக்கவசம் தலையில் சரியாக உட்கார வேண்டிய அமெரிக்க ராணுவமே, முன்பு தடுத்திருந்த லாக்ஸைப் பெண் வீரர்களுக்கு 2017-ல் அனுமதித்தது. தொலைபேசி எடுத்துப் பேசும் அலுவலகத்துக்கு அதைவிடக் கடுமையான தேவை என்ன இருந்துவிட முடியும்?

சட்டத்தில் இருந்த ஓட்டையை முதலில் அடைத்தது கலிஃபோர்னியா. அங்கே 2019-ல் நிறைவேறிய 'கிரவுன்' சட்டம், இனம் என்ற சொல்லுக்குள் முடியின் தன்மையோடு பின்னல், முறுக்கு, சடை போன்ற அலங்காரங்களையும் சேர்த்தது. இன்று 25-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இத்தகைய சட்டம் இருக்கிறது. 2022-ல் லூசியானாவும் சேர்ந்தது. நாடு முழுமைக்குமான மசோதா அதே 2022-ல் கீழவையில் 235-க்கு 189 என்று நிறைவேறி, மேலவையில் நின்றுபோனது. சட்டம் மனத்தை மாற்றாது என்பார்கள். மாற்றாமல் போகட்டும், வேலையும் படிப்பும் பறிபோகாமல் தடுத்தால் போதும். ஆனால் அதற்கும் சொற்களைக் கவனமாக எழுத வேண்டியிருக்கிறது. டெக்சாஸில் இந்தச் சட்டம் 2023 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாள், ஹூஸ்டன் அருகே ஒரு பள்ளியில், சடைகளைத் தலைமேல் கட்டி வந்த கறுப்பின மாணவர் ஒருவர் வகுப்பிலிருந்து விலக்கப்பட்டார். சடைகளுக்குத் தடையில்லை, அவிழ்த்துவிட்டால் புருவத்துக்கும் காதுக்கும் கீழே வரும் அவற்றின் நீளமே குற்றம் என்றது பள்ளி நிர்வாகம். சட்டத்தில் நீளம் பற்றி எதுவும் இல்லை என்று 2024 பிப்ரவரியில் நீதிபதி பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தார். லாக்ஸ் உருவாக முடி வளர வேண்டும். வளர்ந்த சடையைப் பாதியில் வெட்டினால் அத்தனை ஆண்டு வளர்ப்பும் போய்விடும். அந்த மாணவர் வெட்டவில்லை. அந்தக் கல்வியாண்டின் பெரும்பகுதியை அவர் வழக்கமான வகுப்பறைக்கு வெளியேதான் கழித்தார்.