தூக்கிப் போனது யார்?

ராஜபாளையத்தில் நின்றாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றாலும் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலைதான். கோடை இரவில் அந்தச் சரிவில் வெளிச்சம் தெரிந்தால் காட்டுத்தீ என்பார்கள். அதுவே சதுரகிரிப் பக்கம் தெரிந்தால், சித்தர்கள் நடமாட்டம் என்று கைகூப்புகிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் மலைச்சாலை ஒன்றில் அப்படியொரு வெளிச்சம் தெரிந்தால் அதற்குப் பெயர் பறக்கும் தட்டு. பாதித் தூக்கத்தில் கண் விழிக்கிறது, கை கால் அசையவில்லை, நெஞ்சின்மேல் ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் அது அமுக்குவான் பேய், அங்கே வேற்றுக்கிரகவாசி. மூளை விழித்த பிறகும் கனவு நேரத்து உடல் தளர்வு சில நொடிகள் நீடிப்பதுதான் இது என்கிறது மருத்துவம். இரண்டு ஊரிலும் அச்சம் ஒன்றுதான், முகம் மட்டும் வேறு. அந்த முகத்தைக் கொடுப்பவர்கள் சுற்றியிருக்கும் மனிதர்களும் அவர்கள் சொல்லும் கதைகளும்தான். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் அத்தியாயம் இதற்கு நல்ல சான்று.

1961 செப்டம்பர் 19 இரவு, நியூ ஹாம்ப்ஷயர் மாநில மலைப்பாதையில் பெட்டி ஹில், பார்னி ஹில் தம்பதி காரில் வந்துகொண்டிருந்தார்கள். வானில் வினோதமான வெளிச்சம் ஒன்று தங்களைத் தொடர்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். சில நாட்களில், குள்ளமான மனிதர்கள் தன்னைப் பிடித்துக்கொண்டு போவதாகப் பெட்டிக்குக் கனவுகள் வந்தன. அவர் எழுதிவைத்த குறிப்புகளில் அந்த மனிதர்களுக்குப் பெரிய மூக்கு இருந்தது. 1964இல் பாஸ்டன் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமன் இருவரையும் அறிதுயிலில் ஆழ்த்தி விசாரித்தார். பிப்ரவரி 22 அன்று நடந்த அமர்வில், பக்கவாட்டில் நீண்டு வளைந்த கண்களைப் பார்னி விவரித்தார்; அந்தக் கண்கள் தன்னோடு பேசின என்றார். அதற்குச் சரியாக 12 நாட்களுக்கு முன்பு, பிப்ரவரி 10 அன்று, ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரில் ‘தி பெல்லரோ ஷீல்டு’ அத்தியாயம் ஒளிபரப்பாகியிருந்தது. அதில் வரும் வேற்றுக்கிரகவாசிக்கும் நீண்டு வளைந்த கண்கள். எதிரில் இருப்பவரின் கண்களைப் படித்தே மொழியை அறிவதாக அது சொல்கிறது. இந்த ஒற்றுமையை 1990இல் சுட்டிக்காட்டியவர் மார்ட்டின் காட்மேயர் என்ற ஆய்வாளர்.

அப்படியொரு தொடரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார் பெட்டி. அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். பார்னி அந்த அத்தியாயத்தைப் பார்த்தார் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. ஆனாலும் பெரிய மூக்கு மறைந்து பேசும் கண்கள் வந்த மாற்றத்துக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். இருவரும் அன்று விழித்துத்தானே இருந்தார்கள், தூக்கக் கோளாறு எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் வெளிச்சத்தைப் பார்த்த நினைவு வேறு, கடத்தப்பட்ட நினைவு வேறு. கடத்தல் கதை பெட்டியின் கனவுகளிலிருந்து பார்னிக்குத் தொற்றியது என்ற முடிவுக்கே அவர்களை விசாரித்த சைமன் வந்தார். நினைவு இப்படித் தொற்றக்கூடியதுதான். சிறுவயதில் வணிக வளாகத்தில் தொலைந்துபோனதாக நடக்காத ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் நடத்திய சோதனையில், 24 பேரில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் அதை முழுமையாகவோ ஓரளவோ தங்கள் நினைவாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

அப்படியானால் கடத்தப்பட்டதாகச் சொல்கிறவர்கள் பொய்யர்களா? இல்லை. கடத்தப்பட்டதாக நம்பும் 10 பேரை ஹார்வர்டு உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நாலி குழுவினர் சோதித்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தங்கள் அனுபவத்தை விவரிக்கும் ஒலிப்பதிவைக் கேட்டபோது அவர்களுடைய இதயத் துடிப்பும் தோலின் வியர்வை மாற்றமும், உண்மையான கொடிய நிகழ்வுகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஏறுவதைப் போலவே ஏறின. அந்த வேதனை நடிப்பல்ல.

திரையில் கண்டதெல்லாம் நினைவில் ஏறிவிடும் என்றால், தமிழர்களுக்கு ஏன் ஏறவில்லை? நான் கருதும் வலுவான ஆட்சேபணை இதுதான். ‘தி பெல்லரோ ஷீல்டு’ வருவதற்கு முந்தைய ஆண்டே, 1963இல், ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’ வந்துவிட்டது. அறிவியலில் உயர்ந்தும் கலை அறியாத வேற்றுலகத்தார், இசை கற்பிக்கப் பானுமதியைக் கடத்திப்போவதும் எம்.ஜி.ஆர். தேடிப்போவதும்தான் கதை. அதைப் பார்த்தவர்கள் கொல்லைப்புறத்தில் பறக்கும் தட்டைத் தேடவில்லை. காரணம், தூக்கிப்போகிறவர்கள் நம் மனதில் ஏற்கெனவே குடியிருந்தார்கள். தூங்கும் அநிருத்தனைச் சித்திரலேகை உஷையிடம் கொண்டுசேர்த்த கதை நமக்குப் பழையது; மோகினியும் முனியும் அதைவிட நெருக்கம். 1990களின் பிற்பகுதியில் நாகா இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில் வந்த ‘மர்மதேசம்: விடாது கருப்பு’ தொலைக்காட்சித் தொடர் வீடுகளை உலுக்கியது என்றால், கருப்பசாமி அதற்கு முன்பே ஊர் எல்லையில் குதிரையோடு நின்றிருந்தார். அச்சத்தைத் திரை உண்டாக்குவதில்லை. அந்த ஊர் நம்பக்கூடிய முகமாக இருந்தால் மட்டுமே திரை தரும் முகம் அச்சத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இப்படிச் சொல்வது நம்பிக்கையைக் கொச்சைப்படுத்துவதாகாது. சதுரகிரி ஏறுகிறவரின் பக்தி, சரிவில் தெரிந்த வெளிச்சம் எது என்பதை நம்பி நிற்பதில்லை. என் கவலை, இரவில் பயந்து எழுந்த மனிதரைப் பற்றியது. சைமனின் அறையிலும் கோடாங்கியின் உடுக்கைக்கு முன்னும் ஒரே ஆபத்து இருக்கிறது. கேட்பவர் விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிடுகிறார். “முனியா வந்தது? கறுப்பாக இருந்ததா? எந்த மரத்தடியில்?” என்று நாம் அடுக்கும்போது, உருவமே இல்லாத ஒரு திகிலுக்கு நிறமும் இடமும் பெயரும் கொடுத்துவிடுகிறோம். மறுநாள் அது அவருடைய சொந்த நினைவாகிவிடுகிறது. ஏளனம் செய்து அனுப்பினாலும் கேடுதான்; அடுத்த முறை அவர் யாரிடமும் சொல்லமாட்டார், மருத்துவரிடமும் போகமாட்டார். மலையடிவாரத்து வீட்டில் ஒரு பிள்ளை நடுச்சாமத்தில் நடுங்கிக்கொண்டு எழுந்தால், தண்ணீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து “என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்போம். எந்தப் பெயரையும் எடுத்துக் கொடுக்காமல், அது தன் வார்த்தையில் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்போம்.