சிலம்பத்தில் கம்புக்கு முன் காலடி

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றுக் கொல்லங்கோட்டில் இருக்கிறேன். விடுமுறைக்கு வந்த பேரன், பழைய ஜப்பானில் வாள் வீசும் வீடியோ விளையாட்டில் ஓயாமல் தோற்றுக்கொண்டிருந்தான். முற்றத்துக்கு அழைத்து, நெற்றி உயர மூங்கில் கம்பைக் கொடுத்தேன்.

சுழலும் கம்பில் நுனிக்கே வேகம் அதிகம். பிடிக்கு அருகே குறைவு. ஆகவே நுனி எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். அல்லது சட்டென உள்ளே நுழைய வேண்டும். நடுவில் நின்றால் அடிதான். சிறுவயதில் அப்படி நின்றதால் என் சுண்டுவிரல் இன்றும் முழுதாக மடங்காது.

சிலம்பத்தில் காலடி வரிசை முதலில் வருவது இதற்காகத்தான். கேரளக் களரியிலும் மெய்ப்பயிற்சி முதலில், கோல் பிறகு, வாள் அதற்கும் பிறகு.

அடித்த கம்பு உடனே காவலுக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் சொன்னேன். மாலையில் பேரன் ஆட்டத்தில் இரண்டடி பின்வாங்கிக் காத்திருந்தான். காலையில், “தாத்தா, கம்பு எங்கே?” என்றான்.