காய்ச்சல் விட்டது, படபடப்பு ஏன் விடவில்லை?

ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் குழாய் வழியே திண்டுக்கல்லுக்குப் போகிறது. ரத்தக்குழாயையும் அப்படியொரு வெறும் குழாய் என்றே நினைத்துக்கொள்கிறோம். அது உயிருள்ள குழாய். உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் பதிந்திருக்கும் செல்கள், நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. ரத்தம் உறையாமல் ஓடவும் பார்த்துக்கொள்கின்றன.

கொரோனா வைரஸை எதிர்த்து உடல் மூட்டும் அழற்சி இந்த அடுக்கையும் பதம் பார்க்கிறது. குழாய் விறைக்கலாம், சிறு ரத்தக்கட்டிகள் உண்டாகலாம். சிலருக்கு இதயத்தசையே அழற்சியில் வீங்குகிறது. நாடித்துடிப்பை நடத்தும் நரம்புகள் தடுமாறினால், காய்ச்சல் விட்டு வாரக்கணக்கில் ஆன பிறகும், பாயைவிட்டு எழுந்து நின்றதுமே நெஞ்சு படபடவென அடிக்கும். கண் இருட்டிக்கொண்டு வரும். இளவட்டங்கள் இதை வெறும் அசதி என்று தள்ளிவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

கொரோனாவுக்குப் பிறகு, இளவயதில் திடீர் மரணம் என்றாலே பலர் கொரோனா தடுப்பூசியைக் கைகாட்டினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 47 மருத்துவமனைகளில், 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்களின் காரணம் தெரியாத 729 திடீர் மரணங்களை ஆராய்ந்து, 2023இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. முன்பு கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தது, குடும்பத்தில் நடந்த திடீர் மரணம், கடைசி 48 மணி நேரத்துக்குள் மட்டுமீறிய குடி, கடும் உடற்பயிற்சி போன்றவையே ஆபத்தோடு சேர்ந்து தெரிந்தன.

ஆகவே, படுத்தெழுந்த கையோடு கபடிக்கு இறங்காதே தம்பி. சில நாள் மெதுவாக நடந்து பார். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால், ஈ.சி.ஜி. எடுத்து டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் களம்.