வண்டிகளை எண்ணும் கேமரா, நடப்பவரையும் எண்ணட்டும்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஜோகூர் பாருவுக்குக் கிளம்புவோர் பலர் முதலில் கைபேசியில் பார்ப்பது உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் கேமராப் படத்தைத்தான். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் யாரும் அதைப் பார்க்கலாம். வண்டிகள் அடைத்து நின்றால் பயணம் தள்ளிப்போகும். படத்தைப் பார்த்து நாம் போடும் இந்தக் கணக்கைக் கணினியாலேயே போட முடியும்.

திரையில் தெரியும் சாலையின் ஒவ்வொரு தடத்துக்கும் குறுக்கே கற்பனைக் கோடுகள் போடப்படும். வண்டி கோட்டைக் கடக்கும்போது அங்கே ஒளியும் நிறமும் மாறும். கணினி ஒன்று என்று எண்ணிக்கொள்ளும். 20 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகளை ஒரு வண்டி 1 விநாடியில் கடந்தால் அதன் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். ஒரு கோடு எவ்வளவு நேரம் மறைந்தே கிடக்கிறது என்பதை வைத்து நெரிசலை அளக்கலாம். 1980களில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இந்த முறை வளர்க்கப்பட்டது. இப்போது செயற்கை நுண்ணறிவு கார், பேருந்து, லாரி, மோட்டார் சைக்கிள் என்று தனித்தனியாகப் பிரித்தே சொல்லிவிடுகிறது. வெறும் எண்ணிக்கைக்கு வண்டியின் பதிவெண் தேவையே இல்லை.

சிங்கப்பூர்ச் சந்திப்புகளில் பச்சை விளக்கின் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் கிளைட் அமைப்பு 1988இல் வந்தது. ஆனால் அதற்குத் தகவல் தருவது சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள்கள். நிறுத்தக்கோட்டருகே தாரை அறுத்துப் பூசிய தடத்தை உற்றுப் பார்த்தால் காணலாம். மேலே வண்டியின் உலோகம் வந்து நின்றதும் சுருளில் ஓடும் மின்சாரம் மாறுபடும். மழையும் இருட்டும் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் பழுதானால் சாலையைத் தோண்ட வேண்டும்.

கேமராவின் பலவீனம் வேறு. கொட்டும் மழையில் படம் மங்கும். இரவில் ஈரச் சாலையில் விழும் விளக்கொளியையும் அது வண்டி என்று எண்ணிவிடக்கூடும். பேருந்துக்குப் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் மறைந்துபோகும். அதனால்தான் கேமராவை உயரத்தில் பொருத்துகிறார்கள்.

ஆனாலும் என் வாக்கு கேமராவுக்கே. காரணம், நடப்பவரைக் கம்பிச் சுருளால் காண முடியாது, கேமராவால் முடியும். 2009இல் வந்த பச்சை மனிதன் பிளஸ் திட்டத்தில், முதியவர் தம் அட்டையைக் கம்பத்தில் தட்டினால் கடக்க 3 முதல் 13 விநாடி கூடுதலாகக் கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் இரு கையிலும் காய்கறிப் பை சுமந்து வரும் பாட்டி அட்டையைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. அவர் இன்னும் பாதிச் சாலையில்தான் இருக்கிறார் என்பதைக் கேமராவே பார்த்துப் பச்சையை நீட்டிக்கலாம். ஈசூனைப் போல் முதியோர் நிறைந்த பேட்டைகளிலிருந்து அதைத் தொடங்க வேண்டும்.