ஓட்டை விழுந்த மாடுகள்
கனவைக் கலைத்தவர்கள் – 17

சென்ற வாரம் சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட்டின் ஒட்டுச்சித்திரங்களோடு நிறுத்தியிருந்தோம். அவற்றைப் பாரிஸில் பார்த்துக் கிறங்கியவர்களில் ஒருவர் ஃபுகுசாவா இச்சிரோ. 1898இல் ஜப்பானின் குன்மா மாகாணத்துத் தொமியோகாவில் பிறந்தவர். டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கச் சேர்ந்தார். மனம் சிற்பத்தில் ஓடியது. 1924இல் பிரான்சுக்குக் கப்பலேறி, அங்கே ஓவியராகிவிட்டார். 1931இல் டோக்கியோவில் சுயேச்சைக் கலைச் சங்கம் தன் முதல் கண்காட்சியை நடத்தியபோது, பிரான்சில் இருந்தபடியே 37 ஓவியங்களை அனுப்பிவைத்தார். ஜப்பானில் சர்ரியலிசம் ஓர் அலையாக எழுந்ததற்கு அந்த 37 படங்களே முக்கியக் காரணம் என்பார்கள். (ஓவியர் கோகா ஹாருயே 1929லேயே ‘கடல்’ என்ற சர்ரியலிசப் படத்தை ஜப்பானில் வரைந்துவிட்டாரே என்று கேட்டால், அதுவும் நியாயம்தான்.) கூடவே ஒரு பழியும் ஒட்டிக்கொண்டது: இதெல்லாம் பாரிஸ் சரக்கு, இரவல்.

இரவல் என்பதற்குச் சாட்சியம் வலுவாகவே இருக்கிறது. 1930இல் வரைந்த ‘ஏப்ரல் முட்டாள்’ முதலான படங்களில் வரும் விசித்திரக் காட்சிகள் பல, பழைய பிரெஞ்சு ஜனரஞ்சக அறிவியல் வெளியீடுகளில் அச்சான சோதனைப் படங்களிலிருந்து எடுத்தவை. எர்ன்ஸ்ட் செய்ததும் இதைத்தான். ஆனால் கத்தரிக்கோல் யாருடையது என்பதோடு விசாரணையை முடித்துக்கொள்வது சோம்பேறித்தனம். எர்ன்ஸ்ட்டின் படங்களில் இருப்பது புதிர். பார்ப்பவருக்கு உள்ளூர ஒரு கிலி. ஃபுகுசாவாவின் படங்களில் இருப்பது கிண்டல். கோட்டு போட்ட கனவான்கள் படு சிரத்தையாக அபத்தமான காரியம் ஒன்றைச் செய்துகொண்டிருப்பார்கள்; தலைப்பு அவர்களைப் பார்த்துச் சிரிக்கும். அவர் கனவுக்குள் இறங்கியவர் அல்லர். விழித்திருப்பவர்களின் பாசாங்கைக் காட்டவே அந்த முறையை எடுத்துக்கொண்டார் என்பது என் கட்சி.

1936இல் வரைந்த ‘மாடுகள்’ இதற்கு நல்ல சான்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் மஞ்சூரியாவில் பயணம் செய்து திரும்பியிருந்தார். 1932இல் ஜப்பானிய ராணுவம் அங்கே நிறுவிய பொம்மை அரசு, ஐந்து இனங்களின் நல்லிணக்கம், அறநெறி ஆளும் சொர்க்கபூமி என்றெல்லாம் விளம்பரப்படுத்தப்பட்ட காலம் அது. ஃபுகுசாவாவின் படத்திலும் பரந்த நிலம் இருக்கிறது, முன்னால் இரண்டு பிரம்மாண்டமான மாடுகள் நிற்கின்றன. செழிப்புக்கு வேறென்ன அடையாளம் வேண்டும்? கிட்டப் போய்ப் பார்த்தால் மாடுகளின் உடம்பில் அங்கங்கே ஓட்டை. தோல் பிய்ந்திருக்கிறது, உள்ளே சதையும் இல்லை எலும்பும் இல்லை. காகிதக் கூழில் செய்து உலரவைத்த பொம்மைகளைப் போல நிற்கின்றன. ஓட்டை வழியாகப் பின்னாலுள்ள வெளி தெரிகிறது. பொம்மை அரசின் கதி தெரிந்த பிறகு நாம் ஏற்றிப் படிக்கும் அர்த்தம் இது என்று ஒருவர் மறுக்கலாம். பாதி சரி. ஓவியர் கீழே கோனார் நோட்ஸ் எழுதிவைக்கவில்லை. ஆனால் கனமாகத் தெரிவதை உள்ளீடற்றதாகக் காட்டுவது அவருக்கு அன்று புதிதில்லை. கனவான்களுக்குச் செய்ததையே இங்கே மாட்டுக்குச் செய்திருக்கிறார். எது என்று சுட்டாமல் சொல்லும் இந்த வசதி பாரிஸ்காரர்களுக்கு ஓர் அழகியல் தேர்வு. தணிக்கை இறுகிவந்த டோக்கியோவில் அது அத்தியாவசியம். கருவி ஒன்றாக இருந்தாலும் தேவை வேறு.

1941 வசந்தத்தில் சிறப்பு உயர் காவல்துறை அவரையும் கவிஞரும் விமர்சகருமான தாகிகுச்சி ஷூஸோவையும் கைது செய்தது. அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சந்தேகம். போலீஸின் கணக்கு எளியது: பிரெஞ்சு சர்ரியலிஸ்ட் குழுவின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் 1927இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர், ஆகவே சர்ரியலிஸ்ட் என்றால் கம்யூனிஸ்ட். இந்தக் கைதைக் காட்டி ஃபுகுசாவாவைத் தியாகியாக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. போலீஸ் படித்தது பிரெஞ்சுக் குழுவின் அரசியலை. ‘மாடுகள்’ படத்தை அல்ல. அதைவிடச் சங்கடமான விஷயம் பின்னால் வருகிறது. ஏறத்தாழ ஏழு மாதம் காவலில் இருந்து வெளிவந்தவர், ராணுவத்துக்காகப் போர் ஓவியங்கள் வரைந்தார். 1945ஆம் ஆண்டின் ‘கப்பற்படைப் பிரிவு தளத்தைவிட்டுப் புறப்படுதல்’ அவற்றில் ஒன்று. போருக்குப் பின் அமெரிக்கர்கள் கைப்பற்றி, 1970இல் காலவரையற்ற கடனாகத் திருப்பித் தந்த 153 போர் ஓவியங்களில் அதுவும் அடக்கம். கட்டாயத்தால் செய்தார் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. பலர் ஒதுங்கி இருந்தார்கள். ஆனால் இதை வைத்து 1936ஐயும் பொய் என்பது சரியல்ல. இருபொருள் வைத்துப் பேசுபவனுக்குச் சந்தேகத்தின் பலன் தேவை. சந்தேகப்பட்டாலே பிடித்துப்போவார்கள் என்ற நிலையில் அந்தக் கலை செத்துப்போகும். ஃபுகுசாவாவிடம் செத்ததும் அதுதான்.

செத்தது திரும்பி வந்தது என்பதற்கு 1948இன் ‘தோல்வியுற்றோர்’ என்ற படம் இருக்கிறது. வறண்ட வெளியில் நிர்வாண உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கூம்பாகி நிற்கின்றன. எந்தக் கொடியும் இல்லை, எந்தச் சீருடையும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மாட்டின் உடம்பில் விட்ட ஓட்டைகளுக்கு இப்போது அவசியமில்லாமல் போயிருந்தது. மறைத்துச் சொல்லச் சொன்ன அரசும் இல்லை. ஃபுகுசாவா 1992 வரை வாழ்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டு அரசே அவருக்குப் பண்பாட்டு விருது அளித்தது. 1939இல் அவரோடு சேர்ந்து கலைப் பண்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஓவியர் ஐ-மித்சு, படைக்கு இழுத்துச் செல்லப்பட்டு 1946இல் ஷாங்காயில் நோயில் இறந்தார். அவர் தீட்டிய ஒற்றைக் கண்ணைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)