மழை விட்ட பிறகும் மலை சரியும்: நிலச்சரிவின் அறிகுறிகளை அறிந்துகொள்வோம்

2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி. பள்ளி விடுமுறைக் காலம். கெந்திங் மலைக்குச் செல்லும் வழியில், பத்தாங் காலியில் உள்ள ஓர் இயற்கை வேளாண் பண்ணையில் பல குடும்பங்கள் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தன. அதிகாலை 2.42 மணியளவில் மேலே இருந்த சரிவு இடிந்து கூடாரங்களை மூடியது. 31 பேர் உயிரிழந்தனர். 61 பேர் உயிர் தப்பினர்.

அந்த நேரத்தில் பெருமழை எதுவும் இல்லை என்று உயிர் தப்பியவர்கள் கூறினர். பிறகு ஏன் மலை சரிந்தது? அதற்கு முந்திய நாட்களில் விடாமல் பெய்து மண்ணுக்குள் சேர்ந்திருந்த மழையே முக்கியக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. நாம் மறந்துவிடக் கூடாத பாடம் இதுதான். மலையைச் சரிப்பது இன்று பெய்யும் மழை மட்டுமல்ல, ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்ட மழையும்தான்.

புட்டு மாவும் மலை மண்ணும்

புட்டுக்கு மாவு பிசைவதை நினைத்துப் பாருங்கள். அளவாகத் தண்ணீர் தெளித்தால் மாவு கைப்பிடியில் நிற்கும். தண்ணீர் கூடிவிட்டால் குழைந்து வழியும். மலை மண்ணும் அப்படித்தான். ஓரளவு ஈரம் மண் துகள்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் முழுவதும் நீர் நிரம்பினால், அந்த நீரே துகள்களைத் தள்ளிப் பிரிக்கிறது. மண்ணின் எடையும் கூடுகிறது. பிடிப்பு குறைந்து பாரம் ஏறும்போது சரிவு கீழே இறங்குகிறது.

தித்திவாங்சா மலைத்தொடரில் கருங்கல் பாறை காலப்போக்கில் சிதைந்து உண்டான மண், பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது. மழை அதிகமுள்ள நாட்டில் இந்த மண்ணை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்.

மனிதர் செய்யும் தவறு

மழையை நாம் தடுக்க முடியாது. ஆனால், நீர் போகும் வழியை அடைப்பது நம் கையில்தான் இருக்கிறது. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி, உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டனர். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த ஓடை குழாய்களுக்குள் திருப்பிவிடப்பட்டிருந்தது. மேலே குன்றில் மரங்கள் அழிக்கப்பட்டிருந்தன. தொடர் மழையில் நீர் மண்ணுக்குள் இறங்க, தடுப்புச்சுவர்கள் உடைந்து சரிவு பெயர்ந்தது. கட்டடத்தைச் சுற்றியிருந்த சாலையில் அதற்கு முன்பே விரிசல்கள் தென்பட்டிருந்தன.

வீட்டை அகலப்படுத்த மேட்டின் அடிப்பகுதியை வெட்டுவது, கால்வாயில் குப்பை கொட்டுவது, கசியும் குழாயைக் கவனிக்காமல் விடுவது ஆகியவை சிறிய அளவில் நாம் செய்யும் இதே தவறுகள்தான்.

கவனிக்க வேண்டியவை

* மேட்டின் உச்சியில் அல்லது சாலையில் புதிய விரிசல்
* சாய்ந்துவரும் மரம், வேலி, மின்கம்பம்
* வயிறு தள்ளி நிற்கும் தடுப்புச்சுவர்
* நீர் இல்லாத இடத்தில் திடீர் ஊற்று, அல்லது கலங்கி வரும் ஊற்றுநீர்
* காரணமில்லாமல் இறுகிப்போகும் கதவு, ஜன்னல்

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் படம் எடுத்து, உடனே ஊராட்சி மன்றத்துக்குத் தெரிவியுங்கள். சரிவின் மேல் கன்வாஸ் விரிப்பது தற்காலிகமாக மழைநீரைத் தடுக்கும். ஆனால், விரிசலைச் சரிசெய்யாது.

மண் நகர்வது தெரிந்தாலோ மரம் முறியும் சத்தம் கேட்டாலோ பொருள்களை எடுக்க நிற்காதீர்கள். மண் இறங்கும் திசையில் கீழே ஓடாமல், பக்கவாட்டில் விலகி வெளியேறுங்கள். அண்டை வீட்டாரையும் எழுப்புங்கள். பிறகு 999க்கு அழையுங்கள். ஒரு முறை சரிந்த இடம் மீண்டும் சரியலாம் என்பதால், அதிகாரிகள் அனுமதிக்கும் வரை திரும்பிப் போகக் கூடாது.

தோட்டத்து வீடானாலும் தாமான் வீடானாலும், பின்னால் மேடு இருந்தால் அதைக் கண்காணிப்பது வீட்டு வேலைகளில் ஒன்றாக வேண்டும். சில நாள் அடைமழை ஓய்ந்து வெயில் வந்ததும், துணி காயப்போட வெளியே வரும்போது அந்த மேட்டையும் ஒரு பார்வை பாருங்கள்.